பெடலின் முதல் அங்குலம்: களிமண் பந்தயக் கார்களில் த்ராட்டில் திருத்தம்

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் நாக்ஸ்வில் என்றொரு சிறிய ஊர் இருக்கிறது. அங்கே மேரியன் கவுண்டியின் கண்காட்சித் திடலுக்குள் அரை மைல் சுற்றளவில் ஒரு களிமண் ஓடுதளம். ஸ்பிரின்ட் கார் பந்தயங்களில் பெரும் பெயர் பெற்ற நாக்ஸ்வில் நேஷனல்ஸ் 1961 முதல் அங்கேதான் நடக்கிறது. மாலையில் ஓடுதளத்துக்குத் தண்ணீர் அடித்து, வண்டிகளை ஓட்டி மண்ணை இறுக்கிவிடுவார்கள். அப்போது களிமண் கறுத்து, ஈரம் பாரித்து, டயரைக் கவ்வும். இறுதிப் போட்டி தொடங்குவதற்குள் வரிசை வரிசையாகக் கார்கள் ஓடி அந்த ஈரத்தை வாங்கிவிடும். உதிர்ந்த மண் வெளி ஓரத்தில் வரப்பாகக் குவியும். நடுவில் வறண்டு பளபளக்கும் ஒரு பட்டை மட்டும் மிஞ்சும். காரும் இன்ஜினும் மாறவில்லை, தரை மட்டும் வேறாகிவிட்டது. மாலையில் பெடலை எவ்வளவு மிதித்து வேகம் எடுத்தாரோ, இரவில் அதே அளவு மிதித்தால் ஓட்டுநர் பின்சக்கரங்களை வெறுமனே சுழற்றிக்கொண்டிருப்பார்.

மாறிவிட்ட தரைக்கு ஏற்பப் பலவற்றைத் திருத்திக்கொள்ளலாம். டயரின் காற்றழுத்தம், ஷாக் அப்சார்பர், பின் அச்சின் பற்சக்கர விகிதம், ஸ்பிரின்ட் காராக இருந்தால் மேலே நிற்கும் இறக்கையின் இடம் என்று பட்டியல் நீளும். அவற்றைப் பற்றி நிறையப் பேசுகிறார்கள், எழுதுகிறார்கள். ஓட்டுநரின் வலது காலுக்கும் இன்ஜினுக்குள் காற்று நுழையும் வாய்க்கும் நடுவே இருக்கும் சில துண்டு இரும்பைப் பற்றிய பேச்சு மிகக் குறைவு. அந்த இணைப்பைத் திருத்த முடியுமா, எவ்வளவு திருத்தலாம், எந்தத் திருத்தம் ஓட்டுநரின் திறமையைத் தின்றுவிடும் என்பவை இந்தப் பந்தயத்தின் மையத்தைத் தொடும் கேள்விகள் என்றே நான் கருதுகிறேன்.

முதலில் காரைப் பார்த்துவிடுவோம். உச்சப் பிரிவு ஸ்பிரின்ட் காரில் 410 கன அங்குல வி8 இன்ஜின், எரிபொருள் மெத்தனால், சக்தி ஏறக்குறைய 900 குதிரைத்திறன். எடையோ ஓட்டுநரையும் சேர்த்துச் சுமார் 1,400 பவுண்டு, அதாவது 635 கிலோ. கிளட்ச் கிடையாது, ஸ்டார்ட்டர் கிடையாது. இன்னொரு வண்டி பின்னாலிருந்து தள்ளித்தான் இன்ஜினை உயிர்ப்பிக்க வேண்டும். மாற்றி மாற்றிப் போட கியர்களும் இல்லாததால் ஓடும்போது இன்ஜினும் பின்சக்கரமும் ஒரே விகிதத்தில் கட்டுண்டவை. சக்கரம் கால் பங்கு கூடுதலாகச் சுழன்றால் இன்ஜினும் கால் பங்கு கூடுதலாகச் சுழலும். இந்த ஒரு விவரத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இடதுபக்கம் மட்டுமே திரும்பும் இந்த ஓடுதளங்களில் ஸ்டீயரிங் பாதி வேலையைத்தான் செய்கிறது. திருப்பத்தில் நுழையும்போதே காரின் பின்பகுதி வெளியே சறுக்கிவிடும். முன்சக்கரங்கள் வலதுபக்கம் நோக்கியிருக்கும், கார் இடதுபக்கம் போய்க்கொண்டிருக்கும். அந்தச் சறுக்கலின் கோணத்தை நிர்ணயிப்பது ஓட்டுநரின் பாதம். சற்றுக் கூடுதலாக அழுத்தினால் பின்பகுதி இன்னும் வெளியே போகும். சட்டென்று காலை எடுத்தால் டயர் திடீரென மண்ணைப் பற்றி, காரை வேறு திசைக்குத் தள்ளும், சில நேரம் புரட்டியும் போடும். களிமண் ஓட்டுநருக்கு த்ராட்டில் வேகத்துக்கான கருவி மட்டுமல்ல, திசைக்கான கருவியும் அதுதான்.

பழைய காலத்தில் இந்தக் கருவி கையில் இருந்தது. 1908-இல் வெளிவந்த ஃபோர்டு மாடல் டி காரில் த்ராட்டில் என்பது ஸ்டீயரிங் தண்டில் பொருத்திய ஒரு நெம்புகோல். அந்தக் காரைப் பிரித்து எடையைக் குறைத்துக் கண்காட்சித் திடல்களின் குதிரை ஓட்டத் தடங்களில் பந்தயம் விட்டவர்கள் ஏராளம். பின்னர் வேலை காலுக்குப் போனது. 1940-களின் இறுதியில் ஸ்டூவர்ட் ஹில்பார்ன் உருவாக்கிய இயந்திர எரிபொருள் பீய்ச்சி இந்தத் துறையின் போக்கையே மாற்றியது. எட்டு சிலிண்டருக்கும் எட்டுத் தனிக் காற்றுக்குழாய்கள், ஒவ்வொன்றிலும் ஒரு பட்டர்ஃப்ளை வால்வு, எட்டையும் ஒன்றாகத் திருப்பும் தண்டுகள். அந்த அமைப்பின் வாரிசுகள்தான் இன்றைய ஸ்பிரின்ட் கார் இன்ஜின்களின் மேலே நிற்கின்றன.

எட்டு வால்வு என்பது எவ்வளவு பெரிய வாய் என்று கணக்குப் போட்டால் திகைப்பு வரும். ஒரு வால்வின் விட்டம் 2¾ அங்குலம் என்று வைத்தால் எட்டும் சேர்ந்து ஏறக்குறைய 47 சதுர அங்குலத் திறப்பு. களிமண்ணில் ஓடும் இன்னொரு வகையான லேட் மாடல் கார்களில் பரவலாகக் காணும் ஹாலி 4150 வகை, 750 சிஎஃப்எம் (நிமிடத்துக்குக் கன அடி) கார்புரேட்டரின் நான்கு துளைகளும் ஒவ்வொன்றும் 1 11/16 அங்குலம். நான்கும் சேர்ந்தால் 9 சதுர அங்குலத்துக்குச் சற்றே குறைவு. ஐந்து மடங்கு வித்தியாசம். ஸ்பிரின்ட் காரில் ஒவ்வொரு சிலிண்டரும் தன்னுடைய குழாய் வழியாக மட்டும், தன் முறை வரும்போது மட்டும் காற்றை இழுப்பதால் இரண்டையும் நேருக்கு நேர் வைத்து ஒப்பிட முடியாது. ஆனால் பெடலின் தொடக்க அசைவிலேயே அந்த இன்ஜின் ஏன் அவ்வளவு சீறிப் பாய்கிறது என்பது இந்த எண்களில் தெரிந்துவிடுகிறது.

வட்டத் துளைக்குள் வட்டத் தகடு திரும்பும்போது திறப்பு சீராகக் கூடுவதில்லை. முழுவதும் மூடிய நிலையிலிருந்து 30 பாகை திருப்பினால், நடுத்தண்டின் தடிமனை விட்டுவிட்டுக் கணக்கிட்டால், துளையின் 13 சதவீதம் திறக்கும். 45 பாகையில் 29 சதவீதம், 60 பாகையில் பாதி. முதலில் மெதுவாகவும் பிறகு வேகமாகவும் திறப்பது வால்வின் இயல்பு. இதன் மேல் இணைப்புத் தண்டின் வடிவியல் ஒன்று ஏறி உட்காருகிறது. மெக்கானிக் கைவைக்க முடிந்த இடம் அது.

வால்வுத் தண்டில் ஒரு சிறு கை இருக்கும். பெடலிலிருந்து வரும் ராடு அந்தக் கையின் நுனியை இழுக்கும். கையில் பெரும்பாலும் ஒன்றுக்கு மேற்பட்ட துளைகள் போட்டிருப்பார்கள். ராடை வெளித்துளையில் மாட்டினால் கை நீளமாகி, அதே பெடல் அசைவுக்கு வால்வு குறைவாகத் திரும்பும். உள்துளையில் மாட்டினால் அதிகமாகத் திரும்பும். இது எல்லோருக்கும் தெரிந்த திருத்தம். அதைவிட நுட்பமானது, கை எந்தக் கோணத்தில் தொடங்குகிறது என்பது. வால்வு மூடியிருக்கும்போது கை ராடுக்குச் செங்குத்தாக நிற்கும்படி பொருத்துவோம். வால்வு மொத்தம் 80 பாகை திரும்புவதாக வைத்துக்கொண்டால், பெடலின் முதல் பாதி அசைவில் வால்வு 30 பாகைக்குள்தான் திரும்பும். மிச்ச 50 பாகையும் இரண்டாம் பாதியில் நடக்கும். அதாவது பாதி மிதித்தும் துளையில் 13 சதவீதமே திறந்திருக்கும். இப்போது கையைக் கழற்றி, முழுதும் திறந்த நிலையில்தான் ராடுக்குச் செங்குத்தாக வரும்படி மாற்றிப் பொருத்துவோம். அதே பாதி மிதிப்புக்கு வால்வு 50 பாகை திரும்பிவிடும், துளையில் 36 சதவீதம் திறந்துவிடும். இன்ஜின், வால்வு, பெடல் எதையும் தொடவில்லை. ஒரு கையின் கோணத்தை மாற்றியதில் பெடலின் குணம் ஏறத்தாழ மும்மடங்கு மாறியிருக்கிறது.

வழுக்கும் தரையில் ஓட்டுபவருக்கு முதல் வகை வரம் போன்றது. பின்சக்கரம் பிடிக்குமா விடுமா என்ற எல்லை முழுவதும் பெடலின் முதல் அங்குலத்துக்குள் அடங்கியிருக்கிறது. அந்த ஓர் அங்குலத்தை நீட்டிக் கொடுத்தால் பாதத்துக்கு வேலை செய்ய இடம் கிடைக்கிறது. குண்டும் குழியுமான ஓடுதளத்தில் கார் துள்ளும்போது கால் தானாக ஆடும். அந்த ஆட்டம் இன்ஜினுக்குப் போய்ச் சேராமல் தணிப்பதும் இதே ஏற்பாடுதான். இதற்கு மறுபக்கம் உண்டு. ஈரம் கொழித்த தரையில் பெடலை அடித்தளம் வரை உடனே கொண்டுபோக வேண்டியிருக்கும்போது இந்த நீட்டல் தாமதமாகத் தெரியும். ஆகவே ஒரே இரவுக்குள் இரண்டு குணமும் தேவைப்படுகிறது. போட்டிகளுக்கு நடுவே ராடை அடுத்த துளைக்கு மாற்ற ஒரு ஸ்பேனர் போதும். அதைச் செய்யாமல் ஷாக் அப்சார்பர்களை மட்டும் மாற்றிக்கொண்டிருப்பது எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

எரிபொருளையும் மறக்கக் கூடாது. இயந்திரப் பீய்ச்சியில் எரிபொருளை அளந்துவிடும் பேரல் வால்வு, காற்று வால்வுகளோடு தனி இணைப்பால் பிணைக்கப்பட்டிருக்கிறது. மெத்தனாலுக்குக் காற்று எரிபொருள் விகிதம் எடைக் கணக்கில் 6.5-க்கு 1 அளவில் வேண்டும், பெட்ரோலுக்கோ 14.7-க்கு 1. மெத்தனால் இவ்வளவு தாராளமாகப் பாயும் இடத்தில் பேரல் வால்வு சிறிது விலகினாலும் தொடக்கத் திறப்பில் இன்ஜின் திணறும், அல்லது மூழ்கும். திணறும் இன்ஜின் எப்போது சட்டென்று எழும் என்று யாராலும் சொல்ல முடியாது. வழுக்கல் தரையில் அதைவிட மோசமான நண்பன் இல்லை. பெடல் இணைப்பைத் திருத்துகிறவர் பேரல் வால்வு இணைப்பைத் தொடாமல் விட வேண்டும் அல்லது முழுவதும் மறுபடி அளந்து வைக்க வேண்டும்.

அடுத்த வகைத் திருத்தம் நிறுத்தக் கட்டை. பெடலுக்குக் கீழேயோ வால்வுக் கைக்கு எதிரேயோ ஒரு போல்ட்டை வைத்து, இதற்கு மேல் திறக்காது என்று எல்லை கட்டுவது. எந்தக் காரிலும் வால்வுகள் நெளியாமல் காக்க முழுத் திறப்பில் ஒரு நிறுத்தம் இருக்கும். இங்கே நான் சொல்வது அதை வேண்டுமென்றே முன்னால் கொண்டுவந்து, தரைக்கு ஏற்றபடி நகர்த்திக்கொள்ளும் ஏற்பாடு. மேலோட்டமாகப் பார்த்தால் சக்தியைக் குறைக்கும் வெறும் தடுப்பு என்று தோன்றும். உள்ளே நடப்பது அதைவிடச் சுவையானது.

பாதி மூடிய வால்வுக்குப் பின்னால், இன்ஜின் பக்கம், காற்றழுத்தம் குறைகிறது. அது வெளி அழுத்தத்தில் ஏறக்குறைய 53 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் இடுக்கில் காற்று ஒலியின் வேகத்தை எட்டிவிடும். அதற்கு மேல் இன்ஜின் எவ்வளவு வேகமாகச் சுழன்று இழுத்தாலும் விநாடிக்கு அதே அளவு காற்றுதான் உள்ளே வரும். காற்று மாறவில்லை என்றால் சக்தியும் கிட்டத்தட்ட மாறாது. சக்தி மாறாமல் சுழற்சி மட்டும் கூடினால் முறுக்குவிசை குறைந்தாக வேண்டும். இன்ஜின் 6,000 சுழற்சியிலிருந்து 7,500-க்கு ஏறினால் முறுக்குவிசை ஐந்தில் ஒரு பங்கு விழும், உராய்வைச் சேர்த்தால் இன்னும் கூடுதலாக விழும். கியர் இல்லாத காரில் சக்கரமும் இன்ஜினும் ஒன்றாகக் கட்டுண்டவை என்று முன்பே பார்த்தோம். ஆகவே சக்கரம் வழுக்கிச் சுழலத் தொடங்கிய அதே கணத்தில் அதற்குப் போகும் முறுக்குவிசை தானாகக் குறைகிறது, டயர் மறுபடி மண்ணைப் பற்ற வாய்ப்புக் கிடைக்கிறது. முழுதும் திறந்த வால்வில் இந்தக் கருணை இல்லை. முறுக்குவிசை அப்படியே நிற்கும், சக்கரம் ஓடிக்கொண்டே போகும்.

உணரி இல்லை, கணினி இல்லை, மின்கம்பி இல்லை. காற்றின் இயல்பே வழுக்கலைத் தணிக்கிறது. நல்ல ஓட்டுநர் வறண்ட தரையில் பெடலை மென்மையாகப் பிடித்திருக்கும்போது அறிந்தோ அறியாமலோ இதைத்தான் பயன்படுத்துகிறார். நிறுத்தக் கட்டை அந்த எல்லையைக் காலுக்குப் பதிலாக இரும்பில் எழுதி வைக்கிறது.

இந்த விளைவு எல்லாப் பிரிவிலும் ஒரே அளவில் கிடைக்காது. நான்கு துளைகளும் ஒரு பொது மேனிஃபோல்டுக்குள் திறக்கும் கார்புரேட்டர் இன்ஜினில் வெற்றிடம் சீராக நிலைக்கும், விளைவும் வலுவாக இருக்கும். எட்டுத் தனிக்குழாய் ஸ்பிரின்ட் இன்ஜினிலோ ஒவ்வோர் உறிஞ்சலுக்கும் நடுவே குழாய் மறுபடி காற்றால் நிரம்பிவிடுவதால் விளைவு மங்கும். அதனால் 410 ஸ்பிரின்ட் காருக்கு இணைப்பின் வடிவியலும், கார்புரேட்டர் கார்களுக்கு நிறுத்தக் கட்டையும் பொருந்தும் என்பது என் முடிவு. கார்புரேட்டரில் வேறொரு கவனமும் வேண்டும். பெடலை ஒவ்வொரு முறை குத்தும்போதும் ஆக்ஸிலரேட்டர் பம்ப் ஒரு பீய்ச்சு எரிபொருளை ஊற்றும். வழுக்கும் தரையில் குத்திக் குத்தி எடுப்பவரின் இன்ஜின் அதனாலேயே மூச்சுத் திணறும். பம்ப்பின் கேமையும் சேர்த்து மாற்றாமல் நிறுத்தக் கட்டையை மட்டும் நகர்த்தினால் பாதிப் பலன்தான்.

நிறுத்தக் கட்டைக்கு வேறொரு பந்தய உலகில் நீண்ட அனுபவம் உண்டு. அமெரிக்க டிராக் பந்தயத்தில், என்ஹெச்ஆர்ஏ அமைப்பின் சூப்பர் காம்ப் பிரிவில் கால் மைலை 8.90 விநாடியிலும், சூப்பர் கேஸில் 9.90-இலும், சூப்பர் ஸ்ட்ரீட்டில் 10.90-இலும் கடக்க வேண்டும், அதற்குக் குறைந்தால் தோல்வி. அங்கே கார்களில் டைமர் வைத்த த்ராட்டில் நிறுத்தங்கள் உண்டு. புறப்பட்ட சற்று நேரத்தில் வால்வைக் குறுக்கி, குறித்த விநாடிக்குப் பின் திறந்துவிடும். நேர்கோட்டில் ஓடும் காருக்கு அது ஒத்துவரும். களிமண் வளையத்தில் ஒவ்வொரு திருப்பமும் வேறு, பக்கத்தில் ஓடும் கார் வேறு. டைமருக்கு அங்கே வேலை இல்லை.

ஓட்டுநர் இருக்கையிலிருந்தே திருகி மாற்றும் நிறுத்தம் வைத்தால் என்ன? ஸ்பிரின்ட் காரில் இறக்கையை ஓடும்போதே முன்பின் நகர்த்திக்கொள்கிறார்கள். அதே போலத் தரை வறள வறள த்ராட்டிலின் எல்லையையும் குறைத்துக்கொண்டே போகலாம் அல்லவா? கவர்ச்சியான யோசனைதான். ஆனால் நடுத்திருப்பத்தில் காரின் முன்பகுதி வெளியே நழுவிக்கொண்டு போகும்போது, பின்பகுதியைச் சுழற்றிக் காரைத் திருப்ப முழு சக்தியும் ஒரு கணம் தேவைப்படும். அந்த நேரத்தில் பெடல் இரும்பில் முட்டி நின்றால் ஓட்டுநர் கைவிடப்பட்டவர் ஆகிறார். ஆகவே கட்டை கடினமாக இருக்கக் கூடாது, மென்மையாக இருக்க வேண்டும். ஒரு வலுவான கூடுதல் ஸ்பிரிங்கை அந்த எல்லையில் தொடும்படி வைத்தால் பெடல் அங்கே கனக்கும். இதுதான் எல்லை என்று பாதத்துக்குத் தெரியும், வேண்டும் என்றால் அழுத்தி மீறலாம். திருத்தும் திருகு நகர்த்துவது அந்த ஸ்பிரிங் தொடும் இடத்தை. நான் பார்த்த யோசனைகளில் இது ஒன்றே ஓட்டுநரின் கையைக் கட்டாமல் உதவி செய்கிறது.

இவை அனைத்துக்கும் முன்னால் நிற்க வேண்டியது பாதுகாப்பு. பெடலிலிருந்து காலை எடுத்ததும் வால்வு மூடியாக வேண்டும். இது தவறினால் என்ன ஆகும் என்பதற்குத் தார்த்தளப் பந்தயத்திலேயே துயரமான சான்று இருக்கிறது. 2000-ஆம் ஆண்டு மே மாதம் நாஸ்கார் ஓட்டுநர் ஆடம் பெட்டியும், ஜூலையில் கென்னி இர்வினும் நியூ ஹாம்ப்ஷர் ஓடுதளத்தில் சுவரில் மோதி இறந்தார்கள். இருவர் காரிலும் த்ராட்டில் திறந்தபடியே சிக்கிக்கொண்டதுதான் காரணமாகக் கருதப்பட்டது. அதன் பின்னரே நாஸ்கார் அமைப்பு ஓட்டுநரின் கைக்கெட்டும் இடத்தில் இன்ஜினை அணைக்கும் சுவிட்சைக் கட்டாயமாக்கியது.

களிமண்ணில் அபாயம் கூடுதல். நனைந்த மண் கட்டிகள் எங்கும் பறக்கும். பெடலின் அச்சில் அடைத்துக்கொள்ளும், காய்ந்தால் செங்கல். இன்ஜின் முறுக்கத்தில் தன் தாங்கிகளின் மேல் அசையும்போது நேராகப் பொருத்திய ராடு இழுபடும். அதனால்தான் இரு முனையிலும் உருண்டை மூட்டு போடுகிறார்கள். கேபிளுக்கு அந்த அசைவு பொருட்டல்ல, ஆனால் புகைக்குழாய்க்கு அருகே போனால் உறை உருகிப் பிடித்துக்கொள்ளும். வால்வை மூடும் ஸ்பிரிங் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும் என்பது பொது நடைமுறை. பெடலின் மேல் பாதத்தின் நுனியை நுழைக்க ஒரு வளையமும் இருக்கும். வால்வு சிக்கினால் காலைத் தூக்கி அந்த வளையத்தால் பெடலைப் பின்னுக்கு இழுக்கலாம். நான் மேலே சொன்ன நிறுத்தக் கட்டையோ ஸ்பிரிங்கோ திருகோ எதுவானாலும் உடைந்தால் மூடும் பக்கம்தான் உடைய வேண்டும். கழன்று விழும் துண்டு இணைப்புக்குள் சிக்க வழி இருக்கக் கூடாது. இந்தச் சோதனையில் தேறாத எந்தத் திருத்தக் கருவியும், எவ்வளவு வேகம் தந்தாலும், பணிமனையை விட்டு வெளியே வரக் கூடாது.

கடைசியாக விதிகள். களிமண் பந்தயங்களை நடத்தும் வேர்ல்ட் ஆஃப் அவுட்லாஸ், யூசாக், லூகாஸ் ஆயில் லேட் மாடல் தொடர் எல்லாம் மின்னணு இழுவைக் கட்டுப்பாட்டுக் கருவிகளைத் தடை செய்திருக்கின்றன. சக்கரம் வழுக்குவதை இன்ஜின் சுழற்சியின் திடீர் ஏற்றத்திலிருந்து உணர்ந்து, இக்னிஷனைத் தாமதப்படுத்தியோ வெட்டியோ சக்தியைக் குறைக்கும் கருவிகள் அவை. கைக்குள் அடங்கும் பெட்டி, கம்பிக் கட்டுக்குள் ஒளிக்க எளிது. அதிகாரிகள் இக்னிஷன் பெட்டிகளைச் சோதிக்கிறார்கள், கம்பிகளைத் தடவிப் பார்க்கிறார்கள். கண்டுபிடிப்பது எவ்வளவு கடினம் என்பதற்கு ஃபார்முலா 1 வரலாறு போதும். இழுவைக் கட்டுப்பாட்டை அங்கே 1994-இல் தடை செய்தார்கள். கண்காணிக்க முடியாமல் 2001-இல் அனுமதித்தார்கள். எல்லா அணிகளுக்கும் ஒரே மின்னணுப் பெட்டியைக் கட்டாயமாக்கிய பின்தான் 2008-இல் மறுபடி தடை செய்ய முடிந்தது.

விதியில் கோடு கிழிக்க வேண்டிய இடம் எது என்பதில் எனக்குக் குழப்பம் இல்லை. தரையை உணர்ந்து தானே முடிவெடுக்கும் கருவி வெளியே. மனிதர் முன்கூட்டியே முடிவெடுத்து வைத்து, தவறாக வைத்தால் அதற்கான விலையைத் தானே கொடுக்கும் இரும்புத் துண்டு உள்ளே. ராடின் துளையும் கையின் கோணமும் நிறுத்த ஸ்பிரிங்கும் இரண்டாம் வகை. பல லேட் மாடல் விதிகள் ஓட்டுநர் இருக்கையிலிருந்து பிரேக் பகிர்வைத் தவிர வேறெதையும் திருத்தக் கூடாது என்கின்றன. செலவும் சந்தேகமும் பெருகாமல் இருக்க அது நியாயமே. இருக்கையில் திருகு வேண்டாம், பணிமனைப் பகுதியில் ஸ்பேனரால் மாற்றிக்கொள்ளட்டும்.

ஆனால் தொடக்கப் பிரிவுகளில் இந்த யோசனையை இன்னும் துணிவாகப் பயன்படுத்தலாம். அங்கே இப்போது சக்தியைக் குறைக்கும் வழி வேறு. ஹாலி 4412 என்ற இரு துளை, 500 சிஎஃப்எம் கார்புரேட்டரைக் கட்டாயமாக்குகிறார்கள். அல்லது ஜெனரல் மோட்டார்ஸ் முத்திரையிட்டு அனுப்பும் 602, 604 இன்ஜின்களை அப்படியே போடச் சொல்கிறார்கள். முன்னது 350 குதிரைத்திறன், பின்னது 400. சிறுவர்கள் ஓட்டும் மைக்ரோ ஸ்பிரின்ட்டில் காற்று வாயில் துளையிட்ட தகடு வைக்கிறார்கள். தகட்டுக்கு ஒரே அளவுதான். கற்றுக்கொள்ளும் பிள்ளை முன்னேற முன்னேற தகட்டை மாற்ற வேண்டும், பிரிவை மாற்ற வேண்டும். அதற்குப் பதிலாக அதிகாரி முத்திரையிட்ட ஒரு நிறுத்தத் திருகை வைத்து, பருவத்தின் நடுவே ஓட்டுநரின் தேர்ச்சியைப் பார்த்துச் சில சுற்றுத் தளர்த்திக் கொடுக்கலாம். முத்திரையைப் பார்த்தாலே போதும், சோதிக்கக் கருவி வேண்டாம். திருகும் மலிவு.